மச்சான் ஏற்றிய காற்று

காலை ஆறு நாற்பது, சனிக்கிழமை. போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில் இருக்கும் பஞ்சர் கடையில் என் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்த பாய், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன சார், பாப்பா சைக்கிளு இப்ப கல்லு மாதிரி இருக்குமே?"

எனக்குப் புரியவில்லை. எந்தச் சைக்கிள் என்றேன்.

"நேத்துச் சாயங்காலம் உங்க மச்சான் ஜீப்புல போட்டுக் கொண்டாந்தாரே. ரெண்டு டயர்லயும் காத்தில்லன்னு. பாப்பா இம்புட்டுத்தான் வைக்கச் சொல்லிருக்குன்னு நான் சொன்னேன் சார். 'ஒனக்கென்ன தெரியும், தள்ளு'ன்னு கொழாயப் பிடுங்கி அவரே ஏத்துனாரு. லாரிக்கு அடிக்கிற கொழாயி. மீட்டரக்கூடப் பாக்கல. கட்ட வெரல வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்தாரு."

தொட்டிக்குள் குமிழி வந்துவிட்டது. பாய் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"அந்தக் காத்து மூக்கு ஊசி கணக்கா இருக்கும்ல சார். பித்தள மூடி மாட்டித்தான் அடிக்கணும். இவரு போட்ட முறுக்குல முன் சக்கரத்து ஊசி வளஞ்ச மாதிரி இருந்துச்சு. சொன்னேன். காதுல வாங்கல."

என் மகள் அந்தச் சைக்கிளில் ஐந்து மணிக்கே போடிமெட்டுக்குக் கிளம்பியிருந்தாள். எட்டு மணிவாக்கில் திரும்ப இறங்கத் தொடங்குவாள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஊசி வளைந்திருந்தால் காற்றை இறக்கக்கூட அவளால் முடியாது. ஆறு நாற்பதுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இங்கே யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். இவ்வளவு சொன்னாலே போடியில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும். சமாதானமான மனதோடு நான் இதை எழுதவில்லை.

அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டு மாடியில் உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்கத் திரை, சனிக்கிழமை மட்டும் மலை. முன்பு அவளிடம் மெல்லிய டயர் வைத்த சைக்கிள் இருந்தது. ஒரு விரல் கனம்தான் இருக்கும், டயர் கல்லாக விறைத்து நிற்கும். போன வருடம் பதினோராவது வளைவில் சாலைக்குப் போட்ட பொடி ஜல்லி சிதறிக் கிடந்திருக்கிறது. அதில் சக்கரம் வழுக்கி, தடுப்புச் சுவரில் போய் மோதினாள். இடது காறை எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில், இனி சைக்கிள் என்ற பேச்சே கிடையாது என்று நான் கத்தினேன். நான் வேதியியல் ஆசிரியர். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை.

மூன்று வாரம் என்னோடு அவள் பேசவில்லை. பிறகு ஒருநாள் தோளில் கட்டோடு வந்து உட்கார்ந்து, ஒரு தாளில் படம் வரைந்து காட்டினாள். கிராவல் பைக் என்று ஒன்று இருக்கிறதாம். மண் பாதைக்காகச் செய்தது. டயர் மூன்று விரல் அகலம். "தார் ரோட்டுல ஓட்டத்தான்ப்பா எனக்கு அது வேணும்" என்றாள். மண்ணுக்குச் செய்ததைத் தாரில் ஏன் ஓட்ட வேண்டும் என்று நானும் கேட்டேன். ஊரில் எல்லோரும் கேட்ட கேள்விதான். அவள் சிரித்தாள். "நம்ம மெட்டு ரோட்ட நீங்க தார் ரோடுன்னா சொல்றீங்க?"

அவள் சொன்னது சரி. மழைக்குப் பிறகு எங்கள் மலைச்சாலை ஒட்டுப்போட்ட வேட்டி. ஒட்டு, பள்ளம், ஓரம் அரித்த பல்லிளிப்பு, மறுபடி ஒட்டு. அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் அது சாலையோடு மல்லுக்கு நிற்காது. பள்ளத்தைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். ஜல்லியின் மேல் துள்ளாமல் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். அதிலேயே காற்றை அளவுக்கு மேல் ஏற்றினால் பந்துபோலத் துள்ளும், பிடி விட்டுப்போகும். இன்னும் மிஞ்சினால் வளையத்தை விட்டு டயரே தெறித்துக் கழன்றுவிடும். அந்தக் குறைந்த காற்றுக்குத்தான் நான் சம்மதித்தேன்.

நானும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலமலை தாண்டி ராசிங்காபுரம் வரைக்கும் போனேன். வழக்கமாக ஸ்கூட்டரில் என் முதுகெலும்பை எண்ணும் அதே சாலை அன்று மெத்தையாக இருந்தது. டயர் தாரில் உரசுகிற சத்தம், அடுப்பில் பால் சூடேறும்போது வருமே, அப்படி ஓர் இரைச்சல். தென்னந்தோப்பில் நின்ற ஒருவர், "வாத்தியாரே, புல்லட்டு டயர எங்க களவாண்டீக?" என்று கத்தினார். எனக்கு வெட்கமாக இல்லை. வீடு திரும்பியதும் பயம் பாதி போயிருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மகள் மீட்டரை வைத்துக் காற்று பார்ப்பாள், நான் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துச் சொல்வேன். இடையில் எப்போதாவது மனது கேட்காமல் நானும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுண்டு. "தொடாதீங்கப்பா" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் மதியம் நான் சாப்பிட வந்தபோதே பார்த்துவிட்டோம்; சனிக்கிழமை இருட்டில் கிளம்பும்போது அவள் மறுபடி பார்ப்பதில்லை. சாயங்காலம் நான் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தேன். மகள் மாடியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மச்சான் வந்திருக்கிறார். போர்டிகோவில் நின்ற சைக்கிளை அமுக்கிப் பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் நல்ல டயர் என்றால் கட்டைவிரலுக்கு அசையக்கூடாது. கல்லு மாதிரி இருக்க வேண்டும். மாட்டுவண்டிக் காலம் போய் ஜீப்பு வந்த பிறகும் அந்த ஒரு வேதம் மாறவில்லை. விரல் உள்ளே போயிருக்கிறது. தூக்கி ஜீப்பில் போட்டிருக்கிறார். கல்லாக்கிக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாதாம்.

பஞ்சர் கடையில் நின்று மகளை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தேன். ஸ்கூட்டருக்குச் சக்கரம் இல்லை. மெட்டுக்குப் போகும் பேருந்து கிளம்பிப் போய்விட்டிருந்தது. ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கையைக் காட்டினால், பின்னால் தொங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் பதிலுக்குக் கையைக் காட்டினார்கள். கடைசியில் எனக்காக நின்ற ஜீப்பு எது என்று நினைக்கிறீர்கள்?

"மாப்ளே! என்ன காலங்காத்தால பஞ்சரு கடையில தவம்?"

உர மூட்டைகளோடு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஏறினேன். ஏறியதும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்தவரை மரியாதையாக.

"காத்து ஏத்துனது ஒரு குத்தமா?" என்றார் மச்சான். "காத்து இல்லாமப் போனாத்தான மாப்ளே பயம்?"

"இல்லாம இல்ல மச்சான். அம்புட்டுத்தான் இருக்கணும்."

"முப்பது வருசமா இந்த மலையில வண்டி ஓட்டுறேன். எனக்குத் தெரியாத டயரா? அமுக்குனேன், பொசுக்குன்னு உள்ள போச்சு. பாவம், என் மருமக வேல வேலன்னு கெடக்கா, கவனிக்க ஆளில்லன்னு நானே கொண்டுபோயி அடிச்சேன்."

கவனிக்க ஆளில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார். அந்தச் சொற்களை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். அவர் எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நான் வாசலுக்கு இறங்கிப் போய் அவர் ஜீப்பு டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, "காத்து கம்மியா இருக்கே மச்சான்" என்கிறேன். ஒருமுறைகூட விட்டதில்லை. அவருக்கு முகம் சுருங்கும். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும்.

முந்தலில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மெட்டுக்கு, ஒன்று குரங்கணிக்கு. மச்சான் யோசிக்காமல் குரங்கணிப் பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க? அவ மெட்டுக்குப் போயிருக்கா!"

"மெட்டுக்கு எதுக்கு மாப்ளே போறா? அது மண்ணு சைக்கிளு. மண்ணு பாத குரங்கணிக்கு மேலதான இருக்கு. புள்ளைக வீட்டுல ஒண்ணு சொல்லும், போறது ஒரு பக்கம்."

"மச்சான், திருப்புங்க."

"இருங்க, வெரசா போயிப் பாத்துட்டு வந்துருவோம்."

நாலு கிலோமீட்டர் போனோம். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் வண்டியைத் திருப்பினார். முந்தலுக்குத் திரும்பி வந்து சோதனைச் சாவடியில் கேட்டோம். "தடி டயரு சைக்கிளு பாப்பாவா? ஆறு மணிக்கு முன்னாடியே மெட்டுக்கு ஏறிருச்சே" என்றார் காவலாளி. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தில் ஏழு இருபது.

மலை ஏறத் தொடங்கினோம். மூட்டைகளின் கனத்தில் ஜீப்பு முக்கி முனகியது. ஒவ்வொரு வளைவிலும் நான் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தேன், இறங்கிவருகிறாளா என்று. பிறகு கீழே பார்த்தேன். கீழே பார்த்ததை வார்த்தையில் சொல்ல எனக்கு இப்போதும் கை வரவில்லை. ஐந்தாவது வளைவில் எதிரே வந்த ஜீப்புக்காரர் நிறுத்த, மச்சானும் நிறுத்தினார்.

"என்னண்ணே, மேல மழையா?"

"சாரல்தான். ஒங்க தோட்டத்துக்கு ஆளு வந்துருச்சா?"

"எங்கிட்டு வருது? எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருதுக."

நடுச்சாலையில், இன்ஜினை அணைக்காமல், ஏலக்காய்ச் செடிக்கு அழுகல் மருந்து அடிக்கும் முறைவரைக்கும் பேசினார்கள். நான் படித்தவன். மாணவர்களுக்குப் பொறுமையைப் போதிப்பவன். அந்த இரண்டு நிமிடத்தில் மச்சானின் தோட்டம் முழுக்க அழுகல் விழ வேண்டும், அவர் ஜீப்புக்கு நான்கு டயரும் ஒரே வளைவில் போக வேண்டும், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகளைத் தேட வேண்டும் என்றெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவருக்கு மகள் இல்லை, மகன்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. மகன் என்று திருத்திக்கொண்டேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேனா என்று கேட்டால், அந்தப் பையனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பேன்.

பதினோராவது வளைவில் நிறுத்தச் சொன்னேன். தடுப்புச் சுவரில் பழைய கீறல் அப்படியே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழே மூங்கிலும் பனிமூட்டமும். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே போதும் என்று திரும்பினேன். மச்சான் ஜீப்பில் இருந்தபடியே சொன்னார்.

"இங்கதான விழுந்தா? அன்னிக்கே சொன்னேன், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலின்னு. எல்லாம் நீங்க குடுக்குற எடம் மாப்ளே."

வண்டியில் ஏறினேன். கதவைச் சாத்தினேன். பிறகு சொன்னேன், கத்தாமல்:

"என் மக கல்யாணத்துல தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு மாலையோட நீங்க வரக்கூடாது. மணவறையில உங்களுக்கு எடமில்ல. வேற ஆள நிறுத்திக்கிறேன். ஆளே இல்லாட்டியும் பரவால்ல."

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சொல் இல்லை. அடித்தாலும் மறுநாள் பேசிக்கொள்வார்கள். தாய்மாமன் முறையை வெட்டினால் தலைமுறைக்கும் ஆறாது. எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன். எங்கே குத்தினால் ரத்தம் வரும் என்று தேடிக் குத்தினேன்.

மச்சான் கியரில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பியது.

"என்ன சொன்னீங்க மாப்ளே?"

"காதுல விழுந்திருக்கும்."

வண்டி நகர்ந்தது. இரண்டு வளைவு தாண்டினோம். பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, எனக்குப் பழக்கமில்லாத குரலில் பேசினார். "அவ பொறந்தப்ப ஆசுபத்திரியில மொதல்ல தூக்குனது நான். தொட்டில் நான்தான் வாங்கிப் போட்டேன். தெரியாமச் செஞ்சுட்டேன். நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க. ஆனா காத்து ஏத்துனது நான்னு அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையில் ஓர் ஆயுதம் கிடைத்த சந்தோஷம்தான் வந்தது. சொல்லுவேன் என்று முடிவு செய்தேன். மகளைப் பார்த்த நிமிடமே, அவர் பக்கத்தில் நிற்கும்போதே, முதல் வாக்கியமாகச் சொல்லுவேன். வளைவுக்கு வளைவு அந்த வாக்கியத்தைச் செதுக்கினேன். 'பாப்பா, உன்னைக் கொல்லப் பார்த்தது யார் தெரியுமா?' அது வேண்டாம், கொஞ்சம் அதிகம். 'உன் மாமாதான் காற்று ஏற்றினார்.' இது போதும். பச்சையாக இருந்தால்தான் பதியும்.

மெட்டுக்கு வந்து சேர்ந்தபோது எட்டேகால். வழியில் அவளைப் பார்க்கவில்லை. மறுபடி அழைத்தேன். மெட்டுக்குப் போனால் கைபேசி கேரளாவுக்குக் கட்சி மாறிவிடும். ஒரு பெண் குரல் மலையாளத்தில் ஏதோ சொல்லி மறுத்தது. ஜீப்பின் மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. மச்சான் இறங்கித் தண்ணீர் தேடப் போனார். நான் டீக்கடைக்காரரிடம் ஓடினேன்.

"தடிச்ச டயர் சைக்கிளோ? வந்நு சாரே. காத்து ஊசி வளஞ்சுபோயி, குறடு உண்டோன்னு கேட்டு. இவிட இல்ல. எஸ்டேட்டு ஸ்டோருல கிட்டும்னு சொன்னேன். கொறச்சு நேரமாயி போயிட்டு."

"ஸ்டோரு எங்க இருக்கு?"

"தாழ. ரெண்டு கிலோமீட்டர் எறக்கம். ரோடு மோசமாணு சாரே, ஜல்லி கொட்டிப் போட்டிருக்கு."

இறக்கம். ஜல்லி. கல்லு மாதிரி டயர். நான் நடக்கத் தொடங்கினேன். டீக்கடைக்காரர் கையைப் பிடித்தார். "திரிச்சு வரணும்னா இந்த ஒரே வழியாணு. இருங்க." பெஞ்சில் உட்கார்ந்தேன். பனி, சாலையை இருபது அடிக்கு மேல் காட்டவில்லை. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு லாரி வந்தது, பிறகு இரண்டு நாய்கள், பிறகு தலையில் கோணிப்பை போர்த்திய பெண்கள். மச்சான் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஜீப்பை ஆற்றிவிட்டு, சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார். "வண்டி ரெடி மாப்ளே. எறங்கிப் பாத்துருவோமா?" என்றார். இந்தப் பனியில் அவர் ஜீப்பே அவள் மேல் ஏறிவிடும் என்று தலையை ஆட்டி மறுத்தேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைத் தொடவில்லை. அவரும் தன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், குடிக்காமல். அதில் ஆடை படிந்த பிறகும் அவர் கண் பனியை விட்டு அகலாததைப் பார்த்தேன். பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்கு மேல் அவருக்குச் சலுகை கிடையாது.

முதலில் சத்தம்தான் வந்தது. பால் சூடேறும் அந்த மெல்லிய இரைச்சல். டயரில் காற்று குறைந்திருந்தால் மட்டுமே வருகிற சத்தம். பிறகு பனிக்குள்ளிருந்து அவள் வந்தாள், மூச்சு வாங்க, நின்று மிதித்துக்கொண்டு. வலது உள்ளங்கையில் யாரோ ஒரு தோட்டக்காரப் பெண்ணின் முந்தானைத் துண்டு சுற்றியிருந்தது, அதில் ரத்தம். முழங்கையில் சிராய்ப்பு. இறக்கத்து ஜல்லியில் விழுந்திருக்கிறாள். விழுந்து எழுந்து, தள்ளிக்கொண்டே ஸ்டோருக்குப் போய், குறடு வாங்கிக் காற்றை இறக்கி, ஏறி வந்திருக்கிறாள். காறை எலும்பைத் தொட்டுப் பார்த்தேன். தகடு இருக்கிற இடத்தில் புதிதாக அடி ஒன்றும் இல்லை. என் வாய் திறந்தது. வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மச்சான் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"எத்தன தடவப்பா சொல்லிருக்கேன், என் சைக்கிளத் தொடாதீங்கன்னு? ஊசி வளையிற அளவுக்கா காத்தடிப்பீங்க? மாமா, நீங்களாச்சும் இவருக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"